துரைசாமியின் பதினோரு வரிகள்

துரைசாமி இருபத்தாறு வருஷம் விமானங்களைப் பழுது பார்த்தார். விமானத்தில் ஒரே ஒரு தடவைதான் ஏறினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் என்று சொல்வார். அப்போதிருந்த என்ஜினியர் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு போனாராம். ஹூக்ளி ஆற்றின் மேலே திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டவர், சக்கரம் தரையில் உரசிய பிறகுதான் திறந்தாராம்.

“கீழ நின்னா பயமில்லீங்க தம்பி. மேல போனா, எந்த நட்டை முறுக்கினோம், எதை விட்டோம்னு அதே நெனப்பு. நாம முறுக்கினதை நம்பி நாமளே உக்கார முடியாது பாருங்க” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

யுத்த காலத்தில் பதினேழு வயதில் போத்தனூரிலிருந்து ராணுவ விமானத் தளக் கூலியாகக் கல்கத்தா வந்தவர். யுத்தம் முடிந்து எல்லாரும் திரும்பிப் போனபோது அவர் போகவில்லை. நாற்பத்தெட்டில் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு மெக்கானிக் ஆனார். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

மூன்று சின்ன விமானங்கள், தகரக் கொட்டகை ஒன்று, அலுவலகத்துக்கு இரண்டு அறை, மழைக்காலத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும் ஒரு புல் மைதானம். பைலட் ஆகிவிடலாம் என்று வருகிற பையன்கள் முப்பது பேர். அவர்கள் துரைசாமியை ‘துரைதா’ என்று கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். நான் ‘அண்ணாச்சி’ என்பேன். எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம். “அண்ணாச்சின்னு கூப்பிடாதீங்க தம்பி, பலசரக்குக் கடை வெச்சிருக்கறேன்னு நெனச்சுக்குவாங்க” என்று கோயம்புத்தூர்க்காரர் கேலி செய்வார். ஆனாலும் நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே அவரால்தான். லேக் மார்க்கெட் பக்கத்து ஓட்டல் ஒன்றில் என் அப்பா தோசை மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைசாமி மனைவி கமலத்துடன் அங்கே சாப்பிட வருவார். அப்பா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, “பய பி.ஏ. முடிச்சுட்டான் அண்ணாச்சி, இங்கிலீஷ் ஹானர்ஸ். எங்க வம்சத்துல பத்தாவது தாண்டின ஆளே கிடையாது. இப்ப வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கான்” என்றார். துரைசாமி மறுநாளே எங்கள் செக்ரட்டரி லாஹிரியிடம் சொன்னார். எழுபத்து மூன்று ஜனவரியில் நான் டைப்பிஸ்ட் ஆனேன். இரண்டு வருஷம் தற்காலிகம், பிறகு நிரந்தரம்.

இப்போது அவருடைய பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விமானத்தை ஓட்டிவிட்டு இறங்குகிறவர் ஏதாவது கோளாறு கண்டால் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் துரைசாமி எழுதுவார். இது கொட்டகையில் கிடக்கிற கச்சா நோட்டு. இதை வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு நாள் வருகிற லைசென்ஸ் பெற்ற என்ஜினியர் அசல் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். விமானம் பறக்கலாமா கூடாதா என்பது அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. துரைசாமிக்கு அந்த அதிகாரம் இல்லை.

துரைசாமி ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி எழுதுவார். கோளாறைச் சரி செய்துவிட்டால் ‘சீன்’ என்று எழுதுவார். சரி செய்ய முடியாமல் போனால் ‘நாட் சீன்’. நம் ஊரில் கடிகாரத்தைக் கடையில் கொடுத்துவிட்டு, ‘பார்த்தாச்சா?’ என்று கேட்போம். பார்த்தாச்சு என்றால் ரிப்பேர் ஆகிவிட்டது. இன்னும் பார்க்கவில்லை என்றால் ஓடாது. அதை அப்படியே இங்கிலீஷில் போட்டுவிட்டார். நாற்பத்தொன்பதில் ஆரம்பித்த பழக்கம். அன்றைய என்ஜினியர் முதல் வாரம் தலையைச் சொறிந்துவிட்டு, பிறகு புரிந்துகொண்டாராம். அதற்கப்புறம் வந்த எல்லாருக்கும் அதுவே கொட்டகை பாஷை ஆகிவிட்டது. வங்காளிப் பையன்களே, “துரைதா, என் ரேடியோ நாட் சீன், ஒரு பத்து நிமிஷம் சீன் பண்ணு” என்பார்கள்.

எழுபத்து நாலு மார்ச்சில் இரண்டாவது விமானத்தில் கோளாறு வந்தது. எஞ்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மாக்னெட்டோ இரண்டு இருக்கும். ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும். இடது பக்கத்து மாக்னெட்டோ அடிக்கடி நின்றது. புதிது வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். துரைசாமி ஆபீசுக்கு வந்து லாஹிரியிடம் சொன்னார். லாஹிரி, “எழுதியிருக்கிறோம், வரும்” என்றார். எழுதவில்லை. டைப் அடிக்கிறவன் நான்தானே, எனக்குத் தெரியும். துரைசாமி நீல நோட்டில் ‘இடது மாக்னெட்டோ, நாட் சீன்’ என்று எழுதினார். என்ஜினியர் அசல் புத்தகத்தில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மார்ச்சிலிருந்து ஜூலை வரை இப்படிப் பதினோரு தடவை.

ஜூலை மூன்றாம் வாரம் தீபாங்கர் என்ற பையன் தனியாக அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு போனான். ஏறிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்து மாக்னெட்டோவும் நின்றது. தண்ணீர் நிறைந்த நெல் வயலில் இறக்கினான். விமானம் மூக்குக் குத்தி நின்றது. தீபாங்கருக்குக் காறை எலும்பு முறிந்தது. சகதியில் ஓடி முதலில் போய்ச் சேர்ந்தவர் துரைசாமி. பையனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, “செத்துட்டானோன்னு பயந்துட்டேனுங்க. அழுதான், அப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு” என்றார்.

ஆகஸ்டில் பதினான்கு மாணவர்கள் டில்லிக்கு ஒரு புகார் அனுப்பினார்கள். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி தீபாங்கர் எழுதியது. மாதம் இருபது மணி நேரம் பறக்கலாம் என்று சொல்லிச் சேர்த்தார்கள், மூன்று மணிகூடக் கிடைப்பதில்லை. தரையில் எஞ்ஜினை ஓட்டிப் பார்த்த நேரத்தையும் பறந்த நேரமாக எழுதுகிறார்கள். பயிற்சியாளர் பாதி நாள் வருவதில்லை. நான்காவதாக, விமானத்தில் கோளாறு இருப்பது தெரிந்தே பறக்கவிடுகிறார்கள். சாட்சியம் வேண்டுமென்றால் மெக்கானிக்கின் நீல நோட்டைப் பார்க்கவும்.

நல்லெண்ணத்தில் எழுதிய வரி அது. துரைதாவின் நோட்டு தங்களைக் காப்பாற்றும் என்று அந்தப் பையன்கள் நம்பினார்கள். துரைசாமியும் நம்பினார். பதில் அனுப்பு, நோட்டின் நகலையும் அனுப்பு என்று டில்லியிலிருந்து கடிதம் வந்த அன்று, கொட்டகை வாசலில் என்னை நிறுத்தினார்.

“ஏனுங்க தம்பி, என்ற நோட்டு டில்லிக்குப் போகுதாமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எழுத்து கோணல்மாணலா இருக்குமே. திருத்தி எழுதித் தரட்டுங்களா?”

“திருத்தக் கூடாது அண்ணாச்சி. அப்படியேதான் போகணும்.”

“போகட்டும், போகட்டும். உள்ளது உள்ளபடிதானே இருக்குது” என்று சொல்லி எண்ணெய்க் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

பதிலைத் தயாரிக்க லாஹிரி என்னை உட்கார வைத்துக்கொண்டார். முதல் மூன்று புகார்களுக்கும் பதில் அவரிடம் தயாராக இருந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு, பருவமழை, மாணவர்கள் ஒழுங்காக வராதது. நான்காவதற்கு வந்ததும் நீல நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு, “வீரு, இதைப் படி” என்றார். என் பெயர் வீரபாண்டியன். அவருக்கு அது வீரு.

“நாட் சீன்” என்று படித்தேன்.

“இங்கிலீஷ் ஹானர்ஸ் அல்லவா நீ? என்ன அர்த்தம்?”

“ரிப்பேர் ஆகவில்லை என்று அர்த்தம் சார். தமிழில் அப்படிச் சொல்வோம்.”

“எங்கள் பாஷையிலும் அப்படித்தான். ‘தேகா ஹொய்னி’ என்றால் பார்க்கவில்லை; இன்னும் சரி செய்யவில்லை என்றும் அர்த்தம். எனக்குத் தெரியாதா?” லாஹிரி சிரித்தார். “நான் கேட்டது தமிழில் அல்ல. இங்கிலீஷில் என்ன அர்த்தம்?”

பதிலையும் அவரே சொன்னார்.

“பார்க்கவில்லை. நாலு மாதம் ஒரு மெக்கானிக் பழுதான பாகத்தைப் பார்க்கவே இல்லை. தானே எழுதி வைத்திருக்கிறான். நாம் என்ன செய்ய முடியும்?”

அன்று மத்தியானம் நான் முதலில் அடித்த தாளில், ‘நாட் சீன் என்பதற்குப் பணிமனை வழக்கில் பழுது நீக்கப்படவில்லை என்று பொருள்’ என ஒரு வரி அடியில் சேர்த்திருந்தேன். இதைச் சொல்வது என்னை நல்லவனாகக் காட்டுவதற்கல்ல. இரண்டாவது தாளையும் நான்தான் அடித்தேன். லாஹிரி அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, “டில்லிக்குத் தமிழ்ப் பாடம் நடத்த வேண்டாம். ஜனவரியில் உன் நிரந்தர உத்தரவு வருகிறது, தெரியுமில்லையா?” என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மிரட்டலாகக்கூட அது தோன்றவில்லை, ஞாபகப்படுத்துவது போல இருந்தது.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ‘மெக்கானிக் பரிசோதிக்கத் தவறிவிட்டார்’ என்றுதான் லாஹிரி சொல்லச் சொன்னார். மொட்டையாக இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. ‘தன் சொந்தப் பதிவுகளின்படியே’ என்று முன்னால் சேர்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. லாஹிரி படித்துவிட்டு, “பலே! பிரமாதம்” என்றார். எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அந்த ஒரு நொடியை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. படிப்பு எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? நல்ல வாக்கியம் எது என்பதை. அது யார் தலையில் விழுகிறது என்று எந்தப் பரீட்சைப் பேப்பரிலும் கேட்கவில்லை. இப்படிச் சொல்வதும் சாக்குத்தான். அப்பாவுக்கு எந்தப் பேப்பரும் கிடையாது. அவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

பூஜை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு டில்லியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். காலையில் வந்து மாலை விமானத்தில் திரும்புகிறவர். மைதானத்தில் ஒரு சுற்று, சந்தேஷ் இனிப்பு, தேநீர், பிறகு லாஹிரியின் அறையில் விசாரணை. மாணவர்களை ஐந்து நிமிஷம் விசாரித்தார். குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

துரைசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வங்காளத்தில் கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பார். முப்பது வருஷப் பழக்கம். அதிகாரிக்கு வங்காளம் தெரியாது. இந்தியிலாவது பேசியிருக்கலாம். ஆனால் டில்லி ஆபீசரிடம் இங்கிலீஷில் பேசினால்தான் மரியாதை என்பது அவர் எண்ணம். முந்தின நாள் முழுக்கக் கமலத்தை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாராம்.

அதிகாரி நோட்டைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டார்.

“எஸ் சார்.”

“நாட் சீன் என்று எழுதியது நீதானா?”

“எஸ் சார். நாட் சீன் சார். லெவன் டைம்ஸ் நாட் சீன்!” துரைசாமி விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு கை, இன்னொரு கை, மறுபடி ஒரு விரல். பதினோரு தடவை எச்சரித்தேன் என்று சொல்கிறார். பதினோரு தடவை பார்க்கவில்லை என்று அதிகாரியின் காதில் விழுகிறது.

அதிகாரி கொஞ்சம் திகைத்தார். “ஏன்?”

“நோ பார்ட் சார். ஆபீஸ் டெல். நோ பார்ட்.”

பாகம் வரவில்லை, ஆபீசில் சொன்னேன். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. லாஹிரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து, மிகவும் மென்மையாக, “இது தன்னுடைய பங்கு வேலை அல்ல என்கிறார் சார். ஆபீஸ்தான் சொல்ல வேண்டுமாம். பழைய ஆட்கள், என்ன செய்வது” என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கெட்ட மனிதர் அல்ல. ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “நீ இவருடைய பாஷைக்காரன்தானே? இவர் சொல்வது அதுதானா?”

துரைசாமியும் என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார். நம்ம பையன், எடுத்துச் சொல்வான்.

“நோ பார்ட் என்றுதான் சொல்கிறார் சார்” என்றேன்.

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். துரைசாமிக்கு முகம் மலர்ந்தது, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் அப்பாவிடம், “உங்க பையன் பக்கத்துலயே இருந்தாருங்க, எனக்குத் தெம்பா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் உத்தரவு வந்தது. மாணவர்களின் புகார் உரிய முறையில் விசாரிக்கப்பட்டது. தன் சொந்தப் பதிவுகளின்படியே பரிசோதிக்கத் தவறிய ஊழியர் நீக்கப்பட்டார். பயிற்சியின் தரத்தில் பள்ளி உறுதியாக இருக்கிறது. ‘திருப்தி’ என்று கையெழுத்துப் போட்ட என்ஜினியரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பதினான்கு மாணவர்களுக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பினேன். பறக்கும் நேரம் ஒரு நிமிஷம்கூடக் கூடவில்லை. தீபாங்கர் நகலைக் கையில் பிடித்தபடி ஆபீசுக்குள் வந்து, “துரைதாவை மாட்டிவிடவா நாங்கள் எழுதினோம்? இந்த இங்கிலீஷ் யாருடையது?” என்று கத்தினான். லாஹிரி அறைக்குள் இருந்தார். நான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கேட்கவில்லை; டைப் அடிக்கிறவன் எழுதியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

துரைசாமி உத்தரவை என்னிடமே கொண்டு வந்தார். படித்துச் சொல்லச் சொன்னார். வேலை போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது; எதற்காக என்பதுதான் தெரியவில்லை. படித்தேன். ‘தன் சொந்தப் பதிவுகளின்படியே’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“அப்படீன்னா?”

“உங்க நோட்டுல நீங்களே எழுதினபடி...”

“நான் என்னங்க எழுதினேன்?”

சொன்னேன். நாட் சீன் என்றால் இங்கிலீஷ்காரன் என்ன புரிந்துகொள்வான் என்று மெதுவாக, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக அவர் எழுதிய ஒவ்வொரு ‘சீன்’னுக்கும் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“சரி பண்ணினதை எல்லாம் சும்மா பாத்தேன்னா எழுதி வெச்சிருக்கறேன்?” என்றார். உத்தரவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் தவணை இருந்தது. இருபத்து நான்காவது நாள் நான் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டாலிகஞ்சில் குடியேற்றக் காலனிக்குள் ஒரே அறை. மனுவில் எல்லாம் எழுதியிருந்தேன்: சொல்லின் பொருள், பாகம் வராதது, லாஹிரியிடம் சொன்னது. நன்றாகவே எழுதியிருந்தேன்.

கமலம் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, “வந்திருக்காரு” என்றாள். யார் என்று சொல்லவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.

துரைசாமி தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். “இதுல என்னங்க எழுதியிருக்குது?”

சொன்னேன்.

“விசாரணை அன்னைக்கு நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களே, அது எழுதியிருக்குதுங்களா?”

“அது... உங்க பேர்ல போற மனு அண்ணாச்சி. என் பேர் அதுல வரக் கூடாது. ஜனவரியில எனக்கு...”

கமலம் குறுக்கே வந்தாள். “வேலை வேணும்னு இவருகிட்ட வந்தப்போ பேரு இருந்துச்சல்லோ? ஓட்டல்ல உங்கப்பா ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரே?”

“நீ சும்மா இரு கமலம்” என்றார் துரைசாமி. தாளை அது மடிந்திருந்தபடியே மடித்து என்னிடம் நீட்டினார். “கோவம் இல்லீங்க தம்பி. எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. இதுல நல்லது எழுதியிருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம இன்னொரு தடவை கையெழுத்துப் போட எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“சத்தியமா அண்ணாச்சி, இதுல தப்பா ஒண்ணும் இல்ல.”

“இருக்காதுங்க. அன்னைக்கும் நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்த அறையில் நடந்ததை யாரிடமோ கேட்டு, வார்த்தை வார்த்தையாகப் புரிந்துகொண்டிருந்தார். என் பெயரைச் சேர்த்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறு நாள் இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்தபோதும் சொல்லியிருக்கலாம், பஸ் ஸ்டாப்பில் நின்று திரும்பிப் போயிருக்கலாம். ஆறு நாளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துரைசாமிக்கு அங்கேயே ஒரு சினிமா ஸ்டூடியோவில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை கிடைத்ததாக அப்பா சொன்னார். மின்வெட்டுக் காலம், அந்த வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பதிவேடு எழுதுகிற வேலை வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்ந்தாராம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்கு வருவது நின்றுவிட்டது. அவர் ஏன் வருவதில்லை என்று அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார். வேலை அதிகம் போலிருக்கிறது என்றேன்.

ஜனவரியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அடுத்த மழைக்காலத்தில் புது மாணவர்கள் எட்டுப் பேர் மறுபடி ஒரு புகார் அனுப்பினார்கள்; அதே பறக்கும் நேரம், அதே விமானங்கள். லாஹிரி அதை என் மேஜையில் வைத்துவிட்டு, இம்முறை பக்கத்தில் உட்காரக்கூட இல்லை. பதிலை நானே எழுதினேன்; அரை நாள்தான் ஆயிற்று.